குடிசையைச் சுற்றிப் போன கேபிள்

என் வயதில் பச்சை ஓலைக்குள் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு நிறைய விளக்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

போன வாரம் நாவலூரில் எங்கள் அலுவலகத்தில் எல்லாத் திரைகளும் அப்படியே நின்றுவிட்டன. வெளியே சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்களாம். "எவனோ படிக்காதவன் கடப்பாரைய வச்சிக் குத்திட்டிருப்பான்" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். சிரித்துக்கொண்டே எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அப்படிக் குத்திய ஒருவரை எனக்குத் தெரியும். படித்த ஒருத்தி பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரியும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகிற சாலையோரத்தில் எங்கள் தெரு இருந்தது. தெரு என்றால், ஏரிக்கரைக்கும் தார்ச் சாலைக்கும் நடுவில் ஒரே வரிசையாகக் கூரை வீடுகள். யாருக்கும் பட்டா கிடையாது. எல்லோரும் ஊர்க்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடக் கற்ற முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

வீட்டுக்கும் சாலைக்கும் இடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. தெருக்காரர்கள் அதில் ஆடு கட்டுவார்கள். கல்லின் மேல் ஆங்கிலத்தில் ஒரு சொல், அதற்கு இரண்டு பக்கமும் அம்புக்குறி. நாலாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி அதைப் படித்தேன். கேபிள். டீச்சரிடம் கேட்டதற்கு, செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் டெலிபோன் பேச்சு பூமிக்கு அடியில் அந்த வழியாகத்தான் போகிறது என்றார். ஓடி வந்து தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். தெருவில் யாரும் போனைக் கையால் தொட்டது கிடையாது. நம் காலுக்குக் கீழே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எப்படி நம்புவார்கள்? பக்கத்து வீட்டு அத்தை குனிந்து கல்லில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணியும் கேக்கல. ஆட்டு மூத்திர நாத்தந்தான் அடிக்குது" என்றாள். அன்றிலிருந்து தெருவில் எனக்குக் கேபிளம்மா என்று பெயர்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கச் செங்கல்பட்டு போக வேண்டும். எட்டாவது படிக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைப்பார்கள், தேறினால் செங்கல்பட்டில் ஆஸ்டலோடு இடம். கணக்கு டீச்சர் என் பெயரைக் கொடுத்து, அப்பாவையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துப் பேசினார். அப்பா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றபடி கேட்டார். "ஆஸ்டல்ல எடம் கெடச்சா அனுப்பறேன் டீச்சர். இல்லாங்காட்டி வயசுப் பொண்ண ரெண்டு பஸ்சு மாத்தி அனுப்ப முடியாது" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று நான் நினைத்திருந்த காலம் அது.

அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். திருக்கழுக்குன்றம் ஸ்டூடியோவில் எடுத்த என் முதல் புகைப்படம் அதில் ஒட்டியிருந்தது. காது இரண்டும் தெரிய, கண்ணை அகல விழித்துக்கொண்டு. மறுநாள் புதன்கிழமை காலையில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பெண்கள் கூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பழைய புடவையைச் சுற்றி, கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். மாமாவுக்கு ஆள் போனது. அம்மாவின் தம்பி அவர். செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுகிறவர். மதியம் பஸ்ஸின் கூரையில் பச்சைத் தென்னை ஓலையும் சவுக்குக் கம்புமாக வந்து இறங்கினார். கையில் கடப்பாரை. "எங்க அக்கா பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா, ஓலைக்கு டிக்கெட்டு வாங்குன்றான் கண்டக்டரு. நீயும் ஒரு தாய்மாமன் தானேடான்னு கேட்டேன், கம்முனு பூட்டான்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்தக் குடிசையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும், தாய்மாமன்தான் பிரிக்க வேண்டும். வாசல் கிழக்கே பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் கசிந்து சேறாகக் கிடந்தது. இடம் சாலைப் பக்கம்தான். மாமா அங்கங்கே குத்திப் பார்த்தார். சரளை மண்ணில் கடப்பாரை துள்ளியது. கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் தடையில்லாமல் இறங்கியது. "அக்கா, இங்க மண்ணு அல்வா மாதிரி கீது" என்றார் சந்தோஷமாக. எப்போதோ தோண்டி மூடிய மண் அது, அதனால்தான் இளகியிருந்தது. நான் அம்மாவின் புடவையை இழுத்து, அங்கே கேபிள் போகிறது என்று சொன்னேன். இன்றைக்கு ஆம்பிளைகள் இருக்கும் பக்கம் பார்க்கவே கூடாது, உனக்குப் பேச்சு வேறயா என்று அதட்டினாள். பக்கத்து வீட்டு அத்தைக்குக் காதில் விழுந்துவிட்டது. "கேபிளம்மா ஆரமிச்சிட்டா" என்றாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான் புடவைத் தலைப்பை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மூன்று குழிகள் போட்டாயிற்று. நாலாவது குழி கல்லுக்கு ஒட்டினாற்போல். கடப்பாரை பாதிக்கு மேல் இறங்கியபோது சத்தம் மாறியது. கல்லில் படுகிற சத்தம் இல்லை. ஈயச் சொம்பு மண் தரையில் விழுந்தால் வருமே, அந்த மாதிரி மொத்தையான சத்தம். மாமா ஏதோ வேர் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை ஓங்கிக் குத்தினார். பிறகு அசைத்துப் பிடுங்கினார். நுனியில் வெள்ளையாக மினுமினுப்பு ஒட்டியிருந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டு கம்பை நட்டார்.

முதல் குத்துக்கும் இரண்டாவது குத்துக்கும் நடுவில் நான் கத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தார்கள் அல்லவா, குத்தட்டும் என்று இருந்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

குடிசைக்குள் முதல் இரண்டு நாள் எல்லாம் பச்சையாக இருந்தது. வெளிச்சம் பச்சை, என் கை பச்சை, அம்மா வாசலில் வைத்துவிட்டுப் போகிற தட்டு பச்சை. காலையில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும். தொண்டையில் முட்டை இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிறகு உளுந்தங்களி. புத்தகத்தைத் தொடக் கூடாது என்றார்கள். வீட்டை விட்டு வரும்போது நான் ரவிக்கைக்குள் மடித்து எடுத்து வந்தது ஹால் டிக்கெட் ஒன்றுதான். தலைக்கு மேல் ஓலை இடுக்கில் அதைச் செருகிவைத்தேன். படுத்தால் நேராகத் தெரியும்.

விரல் விட்டு எண்ணினேன். சடங்கு பதினாறாம் நாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் நாள். அம்மாவிடம் சொன்னேன். சடங்குக்கு முன்னால் வெளியே வந்தால் குடிசை கட்டின மாமனுக்கு ஆகாது என்றாள். தேர்வை அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாமே என்றாள். பரீட்சையும் பஸ் மாதிரி, ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று அவள் நினைத்திருந்தாள். எட்டாவது படிக்கும்போது ஒரு தடவைதான் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. பள்ளிக்கூடமே போகாதவளிடம் அதை எப்படி நம்பவைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. டீச்சர் ஒரு நாள் வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வாசலோரம் நின்று குடிசையைப் பார்த்துவிட்டுப் போனார். யோசிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சனிக்கிழமை விடாத மழை. திங்கட்கிழமை காலையில் டெலிபோன் இலாக்கா ஜீப் வந்து நின்றது.

மாமா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் பின்பக்கமாக ஏரிக்கரை ஏறி, அப்படியே செய்யூர் போய்விட்டார். கடப்பாரையை அம்மா வைக்கோலுக்குள் மறைத்தாள். கேபிளை அறுத்தால் ஜெயில் என்று தெருவில் யாரோ சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அப்பா, எங்களுக்கு என்ன தெரியும் சார் என்ற ஒரே பதிலைச் சொன்னார்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் மண் தோண்டுகிறவர்கள். மூன்றாமவர் ஜாயின்டர். கேபிளை ஒட்டுகிறவருக்கு அப்படித்தான் பெயர். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்தது. கேபிளுக்குள் காய்ந்த காற்றை அடைத்து வைத்திருப்பார்களாம். ஓட்டை விழுந்தால் காற்று இறங்கும், செங்கல்பட்டில் அதை அளந்து காட்டும் முள்ளும் இறங்கும். போன வாரமே முள் இறங்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே போனதும் பேச்சு மொத்தமாகச் செத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம் தோண்டி அளந்தார்கள், அந்தப் பக்கம் ஒரு பள்ளம் தோண்டி அளந்தார்கள். பழுது நடுவில். நடுவில் என் குடிசை.

பிரித்துப் போட்டால் அரை மணி நேர வேலை என்றான் தோண்டுகிறவர்களில் ஒருவன். அம்மா குடிசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். பெண் உள்ளே இருக்கிறாள், பதினாறு நாள் ஆகாமல் கலைக்கக் கூடாது என்றாள்.

"மகாபலிபுரத்துல ஒரு வெள்ளைக்காரன் காலைலேர்ந்து போனப் புடிச்சிகினு நிக்கிறானாம்மா. அவனுக்கு நான் இன்னா சொல்றது?" என்றார் ஜாயின்டர்.

"அவனுக்கும் அக்கா தங்கச்சி இருக்கும். சொன்னா தெரிஞ்சிக்குவான்" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். உள்ளே நான் சிரிக்கவில்லை. பிரிக்கட்டும், பிரிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசாங்கமே வந்து பிரித்தால் யார் மேலும் குற்றம் இல்லை. மாமாவுக்கு ஒன்றும் ஆகாது, அம்மாவை யாரும் ஏச மாட்டார்கள். பன்னிரண்டாம் நாள் நான் செங்கல்பட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதுவேன். என் படிப்புக்கு இருந்த ஒரே வழி அந்தக் கடப்பாரை போட்ட ஓட்டைதான் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா தண்ணீர் கொண்டுவர வீட்டுக்குள் போனாள். ஜாயின்டர் குடிசையைச் சுற்றி நடந்து பின்பக்கம் வந்தார். புகையிலை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் ஓலை வழியாக வந்தன. நான் மெதுவாகக் கூப்பிட்டேன்.

"சார்."

அவர் நின்றார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா பாப்பா?"

"கேபிளு இங்கதான் போவுது. வாசலுக்கு எடது பக்கத்துக் கம்புக்குக் கீழ. மூணு குத்து வுழுந்துச்சு."

"எத்தினி ஆழத்துல?"

"கடப்பாரைல பாதிக்கு மேல. ஈயத்துல பட்டா மாதிரி கேட்டுச்சு."



"அது கேபிளுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"கல்லுல எழுதிகீதே சார்."

"இருவது வருசமா ரோட்டோரம் பூரா அந்தக் கல்ல நட்டுகினு வரேன். ஒரு ஆளு படிச்சதில்ல. படிச்ச ஒருத்தி உள்ள உக்காந்துகினு கீறா" என்றார். அப்புறம், "யாரு குத்துனது?" என்றார்.

நான் ஓலை இடுக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டேன்.

"சரி, வாணாம். பெருச்சாளின்னு எழுதிக்கறேன். நீ பயப்படாத. உன் குடிசைல ஒரு ஓலையக்கூட நான் தொட மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணு கீது."

நான் பயந்துபோய்ச் சொன்னதாக அவர் நினைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் என் நாக்கு வரை வந்தது. பிரித்துவிடுங்கள் சார், எனக்குத் தேர்வு இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் நானே கேட்டு அவர் பிரித்து, அப்புறம் மாமாவுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால்? அதைவிட இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் எனக்காக ஒன்று கேட்பது எனக்குக் கூசியது. கேட்காமலே நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி நான். இப்போதும் அப்படித்தான். சம்பள உயர்வுக்குக் கூட வாய் திறந்து கேட்டதில்லை.

அவர் எழுந்துபோய்விட்டார்.

அவர் செய்த தற்காலிக வேலையை நான் ஓலை இடுக்கு வழியாக முழுவதும் பார்த்தேன். வேறு பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. முதலில் செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளத்தில், லைன் சோதிக்கிற ஒரு கைப்போனைக் கேபிளில் மாட்டி, கேபிளுக்குள் ஓடும் மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா என்று செங்கல்பட்டில் இருந்தவரிடம் இரண்டு முறை கேட்டார். "எழுதி வச்சிக்க, நான் கை வைக்கப் போறேன்" என்றார். பிறகு இரண்டு பள்ளத்திலும் கேபிளை அறுத்தார். நடுவில் என் குடிசைக்குக் கீழே இருந்த துண்டை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டார். அறுத்த முனையை உரித்தார். தார் பூசிய சணல், இரும்புப் பட்டை, ஈயம், காகிதம். எல்லாவற்றுக்கும் உள்ளே பென்சில் தடிமனில் செப்புக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் நடுவில் ஒரே ஒரு செப்புக் கம்பி. கம்பி குழாயில் படாமல் நிற்பதற்கு வரிசையாக வெள்ளை வில்லைகள். "நடுக் கம்பி சுத்துல படக் கூடாது. பட்டா பேச்சு செத்துச்சு" என்று தோண்டுகிறவனிடம் சொல்லிக்கொண்டே செய்தார். கீழே விழுந்த வில்லைகளைத் தெருப் பிள்ளைகள் பொறுக்கி வைத்துப் பல நாள் விளையாடினார்கள். எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

தகரக் குவளையில் மெழுகை உருக்கி முனையின் மேல் ஊற்றினார். உள்ளே ஈரமிருந்தால் நுரைக்கும். நுரைத்தது. நுரை அடங்கும்வரை இன்னும் கொஞ்சம் அறுத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சூடான மெழுகின் வாசனை குடிசைக்குள் வந்து நின்றது. பிறகு ஜீப்பிலிருந்து ஒரு புதுக் கேபிளை எடுத்து ஒரு முனையை இந்தப் பள்ளத்திலும் மறு முனையை அந்தப் பள்ளத்திலும் இணைத்தார். மாமா கொண்டுவந்ததில் மிச்சமான சவுக்குக் கம்புகளைக் கவையாக நட்டு, அதன் மேல் கேபிளைத் தூக்கி, டயர் ரப்பரால் கட்டினார். என் குடிசையை அரை வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனது அது. ஒட்டுப் போட்ட இடங்களில் ரப்பர் நாடா, அதன் மேல் பிளாஸ்டிக் தாள். மழை இறங்காமல் கவிழ்த்து வைக்க எதுவும் இல்லை என்றபோது, சடங்குக்கு வாங்கியிருந்த புது பிளாஸ்டிக் பேசின்கள் இரண்டை அம்மா எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் கைப்போனில், "பேசிப் பாரு. கேக்குதா? வெள்ளைக்காரன பேசச் சொல்லு" என்றார்.

போவதற்கு முன்னால் மூன்று பேரும் எங்கள் வீட்டில், எங்கள் தட்டில், களி சாப்பிட்டார்கள். அதற்கு முன் எந்த அரசாங்க ஆளும் எங்கள் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "சடங்கு முடியட்டும். நான் வந்து கெட்டியா போட்டுத் தரேன். அதுவரைக்கும் ஆடு கடிக்காம, பசங்க ஊஞ்சல் ஆடாம பாத்துக்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஜாயின்டர் ஏறிப் போனார். அப்பா மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கையில் ஒரு குச்சியோடு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், அப்பாவைக் கூப்பிட்டேன். நைனா, நாளைக்கு என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"பரீச்ச. தெரியும். ரெண்டு மூணு நாளா அத்தான் யோசிச்சிகினு இருந்தேன். போனா போவுது, காலைல இட்டுகினு போயிடலான்னு கூட ஒரு நெனப்பு வந்துச்சு. ஆனா அந்த மனுசன் இன்னா பண்ணாரு பாத்தியா? நம்ம சடங்குக்கு மரியாத குடுத்து இத்தினி கேபிள சுத்திப் போட்டுட்டுப் போயிகீறாரு. நாமளே நடுவுல எழுப்பி இட்டுகினு போனா அவரு நம்மளப் பத்தி இன்னா நெனப்பாரு?"

 

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டு பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். விசில் கேட்டது, கிளம்பியது. ஓலை அதற்குள் காய்ந்து பழுப்பாகியிருந்தது. சருகுச் சத்தம் கேட்டால் நான் அசைகிறேன் என்று தெரிந்துவிடும் என்பதால் அசையாமல் கிடந்தேன். பத்து மணி சுமாருக்கு முதல் கேள்வியைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை, தூங்கிவிட்டேன்.

அந்த இடம் கிடைத்திருந்தால் ஆஸ்டல் கட்டிலிலிருந்து நடந்தே வகுப்புக்குப் போயிருப்பேன். கிடைக்காததால் ஒன்பதாவதிலிருந்து கல்லூரி முடியும்வரை விடியும் முன் எழுந்து ரெண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே, கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே படித்தேன். உங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் படித்திருப்பீர்கள். நமக்கு இருக்கிற அசதி இந்த வேலையில் வந்தது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அந்த பஸ் கம்பிதான் ஞாபகத்துக்கு வரும்.

பதினாறாம் நாள் மாமா தட்டும் புடவையுமாக வந்தார். கேபிள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மாமா குடிசையைப் பிரித்துச் சாலையோரம் குவித்துக் கொளுத்தினார். ஓலை இடுக்கிலிருந்த ஹால் டிக்கெட்டை நான் எடுக்கவில்லை. மறந்துபோய் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேச்சு குறைவாக இருக்கிற நாள் என்று, ஜாயின்டர் திரும்பி வந்தார். குடிசை இருந்த இடத்தைத் தோண்டி, செத்த துண்டை வெளியே எடுத்துப் போட்டார். ஈயத்தில் அடுத்தடுத்து மூன்று ஓட்டைகள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்க்கிறார்.

"நீ சொன்ன மாதிரியே மூணு. எத்தினியாவது படிக்கற?"

எட்டாவது என்றேன். அம்மா பெருமையாக, இவள்தான் கல்லைப் படித்தவள் என்றாள். டீச்சர் ஏதோ பரீட்சைக்குக்கூடப் பெயர் கொடுத்திருந்தார், ஆஸ்டலில் சேர்த்துக்கொள்வார்களாம், குடிசையில் இருந்ததால் போகவில்லை, போனால் போகிறது என்றாள். அவர் கையிலிருந்த, கேபிள் உரிக்கிற சின்னக் கத்தியைக் கீழே வைத்தார்.

"பரீச்ச எப்போ?"

"போன ஞாயித்துக்கெழம" என்றேன்.

"நான் வந்தன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கேபிளு இங்க கீதுன்னு சொன்ன. இத்த ஏம்மா சொல்லல? அன்னிக்கு நான் பிரிச்சிருந்தா போயிருப்பியா?"

அப்பா பின்னால் குச்சியோடு நின்றிருந்தார். போயிருப்பேன் என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். "மரியாத பண்றதா நெனச்சேன்யா" என்றார்.

"நானும் அத்தான் நெனச்சேன் சார்" என்றார் அப்பா.

 சாயங்காலம்வரை வேலை நடந்தது. இந்த முறை மெழுகு ஒரு தடவைதான் ஊற்ற வேண்டியிருந்தது, நுரைக்கவில்லை. ஈயத்தைக் காய்ச்சி, துணியால் வழித்து, ஒட்டு இருப்பதே தெரியாத அளவுக்கு மூடினார். மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். அம்மாவின் பேசின்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். ஜீப்பில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு அன்றோடு காவல் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் எதிரே நின்றேன். கேட்பதற்காக நிற்கவில்லை. சொல்வதற்காக நின்றேன்.

"நைனா, நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன். அடுத்த வருசம் செங்கல்பட்டுக்கும் போவேன். ஆஸ்டல் இல்லன்னாலும் போவேன்."

அவர் குச்சியால் புது மண்ணைக் கொஞ்சம் கிளறினார். மேற்கே பார்த்தார்.

"மழ வர்றாப்புல கீது. கொடை எடுத்துகினு போ" என்றார்.

எங்கள் வீட்டில் குடை கிடையாது. அது அவருக்கும் தெரியும்.